கண்ணாடிச் செருப்பும் அக்காவின் காலும்

நம் பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒருத்தி ஒரு படத்தைப் போட்டாளே, பார்த்தீர்கள் அல்லவா? ஆண்டு விழா நாடகம். நடுவில் ஜிகினா ஒட்டிய கவுனில் இளவரசி, பக்கத்தில் ஒட்டுமீசையோடு இளவரசன், ஓரத்தில் ஒற்றைக் காலில் நின்று நாக்கைத் துருத்திக்கொண்டு ஒரு கறுத்த பெண். அந்த நாக்கு என்னுடையது. நான் கண் விழித்துப் பார்ப்பதற்குள் வரிசையாகச் சிவப்பு இதயங்கள். "எவ்ளோ அழகான காலம்டி" என்று ஒருத்தி. "இப்போ இருக்கிற குழந்தைங்களுக்கு இதெல்லாம் எங்கே கிடைக்கும்" என்று இன்னொருத்தி. எனக்குக் கோபம்தான் வந்தது. போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்தேன்.

இந்த வயதில் இவளுக்கு என்ன கோபம் என்று கேட்பீர்கள். முட்டிக்குத் தைலம், சர்க்கரைக்கு மாத்திரை என்று உங்களைப் போலத்தான் நானும் வேளச்சேரியில் ஒரு ஃபிளாட்டில் கிடக்கிறேன். ஆனால் அந்தப் படத்துக்கு என்னால் இதயம் போட முடியாது. ஏன் என்று குழுவில் நாலு வரியில் எழுதவும் முடியாது. அதனால்தான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன். பொறுத்துக்கொண்டு படியுங்கள், இல்லாவிட்டால் மூடி வைத்துவிட்டுப் போங்கள்.

அந்த வருஷம் என்ன நாடகம் என்று உங்களுக்கே தெரியும். சித்தி வீட்டில் சாம்பல் அள்ளுகிற பெண், ஒரு ராத்திரி அரண்மனை விருந்துக்குப் போய் ஒரு கண்ணாடிச் செருப்பைத் தவறவிடுகிறாள், இளவரசன் அதை எடுத்துக்கொண்டு ஊரெல்லாம் கால் தேடி அலைகிறான். நம் டிராமா மிஸ் வகுப்புக்குள் வந்து நின்று, யார் சிவப்பு, யாருக்குக் கால் சின்னது என்று இரண்டையும்தான் பார்த்தார். நன்றாகப் பேசுகிறவள் யார் என்று பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை, அந்தக் கதாநாயகிக்கு வசனமே கிடையாது. அழவேண்டும், பெருக்கவேண்டும், தேவதை வந்து தலையைத் தடவும்வரை உட்கார்ந்திருக்கவேண்டும். எனக்குப் பெரிய கால். கறுப்பும் கொஞ்சம் தூக்கல். சித்தி பெற்ற பொல்லாத அக்கா வேஷம் எனக்கு என்று மிஸ் ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல் முடிவு செய்துவிட்டார்.

வேஷம் கிடைத்ததில் எனக்குச் சந்தோஷம்தான். ஓடி வந்து அக்காவிடம் சொன்னேன்.

அக்கா என்றால் பெரியப்பாவின் பெண். மயிலாப்பூரில் ஒரே வீட்டில் கீழே பெரியப்பா குடும்பமும் மாடியில் நாங்களுமாக இருந்தோம். அக்கா அப்போது காலேஜ் முடித்திருந்தாள். நடக்கிறாளா ஓடுகிறாளா என்று தெரியாத நடை. சாந்தோம் கடற்கரைக்கு என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவாள், எனக்கு மூச்சு வாங்கும். அவளுக்கு வலது காலில் ஆறு விரல். சுண்டுவிரலை ஒட்டிக்கொண்டு பட்டாணி அளவில் இன்னொன்று. அதற்கும் குட்டியாக ஒரு நகம் உண்டு. மருதாணி இட்டுக்கொள்ளும்போது அந்த நகத்துக்கும் மறக்காமல் ஒரு பொட்டு வைப்பாள். எனக்கு அதைப் பிடித்து ஆட்டிப் பார்ப்பதில் அலாதி ஆனந்தம். "விடுடி, பிஞ்சுண்டு வந்துடப் போறது" என்று காலை இழுத்துக்கொள்வாள். அவள் பிறந்த மாசம்தான் பெரியப்பாவுக்கு உத்தியோக உயர்வு வந்ததாம். அதனால் வீட்டில் அதற்கு அதிர்ஷ்ட விரல் என்றே பெயர். வருகிறவர்களிடமெல்லாம் பெரியம்மா அந்தக் காலைத் தூக்கிக் காட்டி வளர்த்தவள்.

இதே செருப்புக் கதையைப் பெரியம்மாவும் சொல்லுவாள், எங்களுக்குச் சாதம் பிசைந்து போடும்போது. ஆனால் அவள் கதையில் செருப்பு கிடையாது. "சாதம் சாப்பிடற எடத்துல செருப்பைப் பத்தி என்னடி பேச்சு" என்று அதைக் கொலுசாக்கிவிட்டாள். அவளுடைய பெண் விடியற்காலையில் எழுந்து வாசல் தெளித்துக் கோலம் போடுவாள். சித்தி எவ்வளவு திட்டினாலும் பதில் பேசமாட்டாள். "என்ன சொன்னாலும் சரிம்மா, சரிம்மான்னு பண்ணிண்டு இருந்தா. அந்தப் பொறுமைக்குத்தான் ராஜகுமாரன் தேடிண்டு வந்தான்" என்று முடித்து, கடைசி உருண்டையை என் வாயில் திணிப்பாள்.

நாடகம் என்று நான் சொன்னதும் அக்கா என்னை லஸ் முனைக்கு அழைத்துப்போனாள். அங்கே நடைபாதையில் பழைய புத்தகம் பரப்பி வைத்திருப்பார்கள். குனிந்து குனிந்து தேடி ஒரு தடி இங்கிலீஷ் புத்தகத்தை எடுத்தாள். அட்டை கிழிந்து, பூச்சி அரித்து, பக்கத்தைத் திருப்பினால் பாச்சை உருண்டை வாசனை. அதே கதைதான், ஆனால் ரொம்பப் பழைய காலத்தில் சொன்ன மாதிரி. மொட்டை மாடியில் வடாம் துணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள்.

"பாத்தியாடி, இதுல இவ உக்காந்து அழுதுண்டே இருக்கலை. செத்துப்போன அம்மா நெனப்பா ஒரு மரம் வெச்சிருக்கா, அதுகிட்ட போய் எனக்கு டிரெஸ் குடுன்னு கேக்கறா. தேவதையும் இல்லை ஒண்ணும் இல்லை. விருந்துலேர்ந்து வரப்போ ராஜகுமாரன் பின்னாடியே வரான். இவ என்ன பண்றா தெரியுமோ? புறாக்கூண்டுக்குள்ள பூந்து அந்தப் பக்கம் குதிச்சு ஓடிடறா. மறுநாள் மரத்து மேல ஏறிடறா. உங்க மிஸ்ஸோட நாடகத்துப் பொண்ணு ஏறுவாளா மரம்?"

"எங்க மிஸ் கவுன் அழுக்காயிடும்னு உக்காரவே விடமாட்டா."

"எங்கம்மாவோட பொண்ணு?"

"கோலம் போட்டுண்டு இருப்பா."

அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு ஒரு பக்கத்தைத் திருப்பி என் மடியில் வைத்தாள். அந்தப் பக்கத்தில் படம் இருந்தது. பொல்லாத அக்காவுக்குச் செருப்பு நுழையவில்லை. அவளைப் பெற்ற தாயே கத்தியை எடுத்துக் கொடுக்கிறாள், விரலை வெட்டிக்கொள் என்று. அவளும் வெட்டிக்கொண்டு, செருப்பில் ரத்தம் வழிய வழிய குதிரைமேல் ஏறிப் போகிறாள். நான் பார்த்துவிட்டு அன்றைக்குச் சாப்பிடவில்லை. ராத்திரி அக்காவின் பக்கத்தில் ஒட்டிப் படுத்துக்கொண்டேன்.

ஆனாலும் எனக்கு ஒரு பெருமை. என் வேஷத்துக்கு இவ்வளவு பெரிய காட்சி இருக்கிறதே! மறுநாள் புத்தகத்தைப் பையில் வைத்துக்கொண்டு போய் ஒத்திகையில் மிஸ்ஸிடம் காட்டினேன். மிஸ் படத்தைப் பார்த்ததும் செத்த எலியைக் கண்டதுபோல முகத்தைச் சுளித்தார். என்னைக் கூட்டிப்போக வந்த பெரியம்மாவைத் தனியாக அழைத்து, "சீ, என்ன மேடம் இது? சின்னக் குழந்தை படிக்கிற புக்கா? பெத்த தாய் யாராவது இப்படிப் பண்ணுவாங்களா?" என்றார். பெரியம்மாவுக்கு அவமானம் தாங்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் வராததுமாகப் பழைய பேப்பர்காரன் தராசில் அந்தப் புத்தகத்தைத் தூக்கிப் போட்டுவிட்டாள். "பொம்மனாட்டி விரலை வெட்டிக்கறாளாம், அதைப் படம் வேற போட்டிருக்கான். கண்றாவி!" என்று கையைக் கழுவினாள். ஆகவே நம் நாடகத்தில் விரல் வெட்டுகிற காட்சி இல்லை. அதற்குப் பதில் செருப்பு நுழையாவிட்டால் நான் நாக்கை நீட்டிக் குதிக்கவேண்டும், சபை சிரிக்கவேண்டும். மிஸ் ஏற்பாடு.

அந்தக் கார்த்திகையில்தான் அக்காவைப் பெண் பார்க்க வந்தார்கள். நங்கநல்லூர்க் குடும்பம். மாப்பிள்ளைக்கு நல்ல வேலை, அமரிக்கையான முகம். அக்காவுக்கும் பிடித்திருந்தது, அதை அவள் என்னிடம் சொன்னாள். அவனுடைய அம்மா, அந்தச் சம்பந்தி மாமிதான் எல்லாருக்கும் கிலி. பேசவே மாட்டாள். சொஜ்ஜியைத் தின்றாள், காபியைக் குடித்தாள், கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள், அவ்வளவுதான். அதிர்ஷ்ட விரல் அதிர்ஷ்ட விரல் என்று ஊரெல்லாம் காட்டின பெரியம்மா அன்றைக்கு அக்காவைக் கால் மடித்து உட்காரவைத்து, புடவைக் கொசுவத்தை இழுத்து இழுத்து அந்தக் காலை மூடினாள். ஏன் மூடினாள் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

நிச்சயம் ஆயிற்று. கூரைப்புடவை எடுக்கத் தி.நகர் போனோம். சம்பந்தி மாமி, பெரியம்மா, அக்கா, வாலாக நான். புடவை எடுத்து முடித்து வெளியே வந்ததும் மாமி நின்றாள். அக்காவின் காலில் தேய்ந்துபோன பழைய ரப்பர் செருப்பு. "ஒரு நல்ல செருப்பு வாங்கித் தரேன், வா" என்றாள். பெரியம்மா, "எதுக்கு மாமி, எல்லாம் நாங்க பாத்துக்கறோம்" என்று பதறினாள். மாமி அதற்குள் பாண்டி பஜாரில் ஒரு செருப்புக் கடைக்குள் ஏறிவிட்டாள்.

கடைக்காரர் அக்காவின் முன்னால் குந்தி உட்கார்ந்து ஒரு செருப்பை மாட்டிப் பார்த்தார். நுழையவில்லை. இன்னொன்று, அதுவும் நுழையவில்லை. அழுத்தினார். அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"இன்னாம்மா இது, ஆறு வெரலு கீது!" என்று அவர் கத்தியதில் பக்கத்தில் இருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். "இந்த மாடலு ஒக்காராது. ஒரு சைஸ் ஏத்திக் குட்த்தாக்கா பின்னாடி லூசாயிடும். எதுக்கும் அளவு எட்த்துப் பாக்கறேன் இரு." ஒரு செருப்புப் பெட்டியின் அட்டையைக் கிழித்துத் தரையில் போட்டு, அதன்மேல் அக்காவின் காலை வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்தார். ஆறு மேடும் அட்டையில் தெரிந்தன.

சம்பந்தி மாமி அட்டையைக் கையில் வாங்கி, கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தாள். அக்காவின் காலைப் பார்த்தாள். அட்டையை மடித்துத் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். எங்களை வாசலில் நிற்கச் சொல்லிவிட்டுக் கடைக்காரரிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள். பெரியம்மாவுக்குச் சப்த நாடியும் ஒடுங்கிவிட்டது.

"அந்த அட்டையை எதுக்கு எடுத்துண்டு போனா? நாலு பேர்கிட்ட காட்டறதுக்குத்தானே? நிச்சயத்தை முறிக்கறதுக்குத்தானே?" என்று அன்று சமையலறையில் பெரியம்மா ஒரே பிலாக்கணம். பெரியப்பா மெதுவாக, "போய்க் கேட்டுடலாமே" என்றார்.

"நன்னா இருக்கு! கேட்டா, நாமளே குறையை எடுத்துக் குடுத்தாப்பல ஆயிடும். மெட்டி போடறப்போ அவன் காலைப் பிடிக்கணும். அம்மி மிதிக்கறப்போ பிடிக்கணும். சபை மொத்தமும் அந்தக் காலைத்தான் பாக்கும். அவா வாயைத் திறக்கறதுக்குள்ள நாம ஏதாவது பண்ணியாகணும்."

அக்கா வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "அது பாட்டுக்கு அது இருக்கும்மா. எனக்கு வலிக்கறதா, நடக்க முடியலையா? நானே போய் அந்த மாமிகிட்ட கேட்டுட்டு வரேன்."

"கல்யாணப் பொண்ணு போய் மாமியார் ஆத்துல நின்னு கேக்கறதா? எங்கேயாவது உண்டா? எங்களைத் தலை நிமிர விடமாட்டியா நீ?"

இரண்டு நாள் பெரியம்மா சாப்பிடவில்லை. பெரியப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஈசிசேரில் கிடந்தார். யாரும் அக்காவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. புறாக்கூண்டில் புகுந்து ஓடின கதையைச் சொன்னவள், மரம் ஏறுவாளா என்று கேட்டுச் சிரித்தவள், மூன்றாம் நாள் சமையலறைக்குள் போய் "சரிம்மா" என்றாள். அந்த ஒரு சொல்லைப் பெரியம்மாவின் கதையில் எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன். அக்காவின் வாயிலிருந்து அன்றுதான் கேட்டேன். எனக்குப் பெரியம்மா பிசைந்த சாதம் அதற்கப்புறம் இறங்கவே இல்லை.

அடையாறில் ஒரு நர்சிங் ஹோமில் வைத்து வெட்டினார்கள். சின்ன விஷயம், கொசு கடித்த மாதிரி என்றார்களாம். அக்கா ஆட்டோவிலிருந்து பெரியப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். மழை நாள், வீடெல்லாம் ஈரம். காயம் ஆறுகிற மாதிரி இருந்து புரையோடிப்போனது. கட்டுப் பிரிக்கும்போது வீச்சம் மாடிவரைக்கும் வரும். பெரியம்மாதான் சீழைத் துடைத்து மருந்து வைத்தாள். புத்தகத்தில் அந்தப் படத்தைப் பார்த்துக் கண்றாவி என்றவள், இங்கே முகம்கூடச் சுளிக்கவில்லை. "ஆயிடுத்து, ஆயிடுத்து. பொறுத்துக்கோ. யாருக்கும் தெரியப்போறதில்லை" என்று ஊதி ஊதி விட்டாள். அன்பாகத்தான் செய்தாள். அந்த அன்பை நினைத்தால்தான் எனக்கு இன்றைக்கும் உடம்பெல்லாம் கூசுகிறது.

இதற்கு நடுவில்தான் நம் ஆண்டு விழா. வரவேண்டாம் என்றாலும் கேட்காமல், எனக்காக அக்கா நொண்டிக்கொண்டு வந்தாள். முன்வரிசையில் பெரியம்மா பக்கத்தில், எதிரே ஒரு ஸ்டூலில் காலை நீட்டி உட்கார்ந்தாள். நான் மேடையில் அந்த வெள்ளிக் காகிதம் சுற்றின செருப்பைக் காலில் மாட்டி இழுக்கிறேன். நுழையவில்லை. சபை சிரிக்க ஆரம்பித்தது. குதிக்கிறேன், இன்னும் சிரிக்கிறார்கள். பெரியம்மா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்து முந்தானையால் துடைத்துக்கொள்கிறாள். அப்போதுதான் கீழே அக்கா காலில் போட்டிருந்த கட்டைப் பார்த்தேன். ஓரத்தில் மஞ்சளும் சிவப்புமாக ஊறியிருந்தது. அக்கா சிரிக்கவில்லை. என் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஒற்றைக் காலில் அப்படியே நின்றுவிட்டேன். திரைக்குப் பின்னாலிருந்து மிஸ், "நாக்கு! நாக்கை நீட்டு!" என்று அதட்டினார். நீட்டினேன். பளிச்சென்று ஃபிளாஷ் அடித்தது.

அந்தப் படம்தான் இது. நீங்கள் இதயம் போட்ட படம். விரலால் இழுத்துப் பெரிதாக்கி இடது கீழ் மூலையைப் பாருங்கள். ஸ்டூல்மேல் வெள்ளையாக ஒன்று தெரியும். இத்தனை பேர் பார்த்தீர்களே, அது என்ன என்று ஒருத்தியாவது கேட்டாளா?

தை மாசம் கல்யாணம். காயம் மூடிவிட்டது, கொஞ்சம் தாங்கித் தாங்கி நடந்தாள். மஞ்சளும் மருதாணியும் பூசி அந்த இடத்தை மறைத்தாயிற்று. மெட்டி போடும்போது பெரியம்மா சபையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

பெண்ணை அழைத்துக்கொண்டு கிளம்புகிற நேரம். மண்டப வாசலில் கார் நிற்கிறது. சம்பந்தி மாமி கைப்பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தாள். பிரித்தால் புதுச் செருப்பு. அரக்கு நிறம், மெத்தென்ற தோல். மாமி அதை அக்காவின் முன்னால் தரையில் வைத்தாள். அவள் அத்தனை வார்த்தைகள் சேர்ந்தாற்போலப் பேசி அன்றுதான் கேட்டேன்.

"அன்னிக்குக் கடையில உனக்கு ஒண்ணும் பத்தலையே. அந்தக் கடைக்காரன் சொன்ன எடத்துல, அளவு அட்டையைக் குடுத்துத் தைக்கச் சொன்னேன். எங்கம்மாவுக்கும் இப்படித்தான் இருந்தது. பாவம், கடைசிவரை வெறுங்கால்லயே நடந்தா. நீயாவது சௌகரியமா நடக்கட்டும்னுதான்."

வலது செருப்பின் ஓரத்தில், சுண்டுவிரல் வாருக்கு அப்புறம், பட்டாணி அளவு விரலுக்கென்று தனியாக ஒரு குட்டி வார் தைத்திருந்தது.

அக்கா காலை நுழைத்தாள். மாமி குனிந்து வாரைச் சரி செய்யப் போனவள் கையை நிறுத்தினாள். விரலால் அந்த இடத்தைத் தடவிப் பார்த்தாள். நிமிர்ந்து அக்காவைப் பார்த்தாள்.

"எங்கேம்மா அது?"

"வெட்டிட்டா" என்றாள் அக்கா.

மாமிக்கு முகம் வெளுத்துவிட்டது. பெரியம்மாவிடம் திரும்பி, "நான் கேட்டேனா?" என்றாள். "நாங்க யாராவது கேட்டோமா?"

பெரியம்மாவுக்கு அது பாராட்டாகக் காதில் விழுந்தது போலிருக்கிறது. முகமெல்லாம் பூரிப்பு. "நீங்க கேக்கற வரைக்கும் வெச்சிருப்போமா மாமி? நீங்க வாயைத் திறக்கறதுக்குள்ள நாங்களே பண்ணிட்டோம்" என்றாள்.

மாமி செருப்பைத் திரும்ப எடுத்துக்கொள்ளக் குனிந்தாள். அக்கா காலை அழுத்தி ஊன்றிக்கொண்டாள். "இருக்கட்டும்மா. இது என்னோடதுதான்" என்று சொல்லிவிட்டு நடக்க ஆரம்பித்தாள். பெரியம்மா பின்னாலேயே, "இருடி, லூசா இருக்கு பாரு, துளி பஞ்சு வெச்சுத் தரேன்" என்று ஓடினாள். அக்கா திரும்பவில்லை. அந்தக் குட்டி வார் எதையும் பிடித்துக்கொள்ளாமல், கார்வரைக்கும் தரையில் டப் டப்பென்று அடித்துக்கொண்டே போனது.